ஒற்றைத் தண்டவாளத்து ஜங்ஷன்

மெயில் நிற்காத ஊர்க்காரனுக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று சொன்ன தகப்பன் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் சார்ஜ்மேனாக இருந்த சூசைமாணிக்கம். அவருடைய ஒரே மகள் அமலி. பாங்க் குமாஸ்தா ஒருவன் பெண் கேட்டு வந்தான். கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் வந்தார். இருவர் ஊரிலும் பாசஞ்சர் மட்டும்தான் நிற்கும் என்று தெரிந்ததும் காபியோடு அனுப்பிவைத்துவிட்டார். பொன்மலைக் காலனியில் மனிதர்களை எடை போடுவது அப்படித்தான். ஜங்ஷன்காரன் ஒரு ஜாதி, மெயில் நிற்கும் ஊர்க்காரன் அதற்கடுத்த ஜாதி, கொடி காட்டினால் மட்டும் வண்டி நிற்கும் ஊர்க்காரன் மனிதப் பிறவியிலேயே சேர்த்தி இல்லை. பொன்மலை ஸ்டேஷனில் எத்தனை மெயில் நிற்கிறது என்று மட்டும் அங்கே யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் சவரிமுத்து பெண் பார்க்க வந்தான். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு டெக்சாஸில் ஒரு கோழிக்குஞ்சுப் பண்ணையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவன். ஒல்லியாக இருந்தான். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் எதிராளி ஒரு பஸ் பிடித்துப் போய்விடலாம், அப்படிப்பட்ட பேச்சு.

"தம்பி அமெரிக்காவுல எந்த ஊரு?" என்றார் சூசைமாணிக்கம்.

"டெக்சாஸ்ல சார். ஹாலம் ஜங்ஷன்னு ஒரு எடம்."

சார்ஜ்மேனின் முதுகு நிமிர்ந்தது. "ஜங்ஷனா?"

"ஜங்ஷன்னு பேருதான் சார். ஆனா அங்க..."

"பேரு சும்மா வருமா தம்பி? ரயில்வேக்காரன் கண்ட எடத்துக்கெல்லாம் ஜங்ஷன்னு போர்டு எழுதிக் குடுத்துருவானா? முப்பத்தாறு வருஷம் சர்வீஸ் போட்டவன்கிட்ட சொல்றீங்களே!"

"இல்ல சார், நான் என்ன சொல்ல வரேன்னா..."

"அடக்கம்! பாத்தீங்களா, எவ்ளோ அடக்கம்!" என்று சூசைமாணிக்கம் சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பிவிட்டார். அத்தோடு பேச்சு நகைக்கும் சீருக்கும் போய்விட்டது. சவரிமுத்துவின் வாக்கியம் அந்த அறையிலேயே எங்கேயோ விழுந்து கிடந்தது.

திரைச்சீலைக்குப் பின்னால் காபித் தட்டோடு நின்ற அமலிக்கு எல்லாம் கேட்டது. 'பேருதான்' என்றது கேட்டது. 'ஆனா' என்றதும் கேட்டது. காது நல்ல காது. ஆனால் அவள் மனக்கண்ணில் அதற்குள் பத்துப் பிளாட்பாரம் நீண்டுவிட்டது. திருச்சி ஜங்ஷனை எடுத்து அமெரிக்க அளவுக்கு இழுத்துவிட்டு, நடுவில் கைப்பையோடு நடந்துகொண்டிருந்தாள். பக்கத்து குவார்ட்டர்ஸ் காமாக்ஷி அரக்கோணம் ஜங்ஷனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டு வருஷத்துக்கு இரண்டு தரம் வந்து அலட்டிக்கொள்கிற அலட்டலுக்கு ஒரு முடிவு வேண்டாமா? அந்த 'ஆனா'வைக் காதில் வாங்கிய வேகத்திலேயே உதறிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஹாலம் ஜங்ஷனுக்கு அவள் வந்து இறங்கியது ஒரு பிப்ரவரி மாதத்து மத்தியானம். கார் நின்றது. ஒரு தீவனக் கடை, உயரமான ஒரு தானியக் கிடங்கு, பூட்டிக் கிடந்த ஒரு பருத்தி அரவை ஆலை, ஒரு பாப்டிஸ்ட் சர்ச், இரண்டு கை விரல்களை மடக்கி எண்ணிவிடக்கூடிய வீடுகள். நடுவே புல் முளைத்த ஒரு தண்டவாளம்.

"ஊர் எங்க?" என்றாள் அமலி.

"இதான்."

"ஜங்ஷன்?"

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். பேர் பெத்த பேரு, தாக நீரு லேது என்று தெலுங்கில் சொல்வார்களே, பேர் பெரிசு, குடிக்கத் தண்ணீர் கிடையாது, அந்தக் கதை.

ஊர் பிறந்த கதையைத் தீவனக் கடைக்கார மிஸஸ் கிர்பி சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். அந்தக் கிழவிக்கு அதைச் சொல்வதில் அப்படி ஒரு பெருமை. நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே வெறும் காடு. பருத்தி ஏற்ற ஒரு ரயில் கம்பெனி தண்டவாளம் போட்டது. இன்னொரு கம்பெனி தெற்கிலிருந்து வந்து அதைக் குறுக்கே வெட்டுவதாக வாக்குக் கொடுத்தது. அவ்வளவுதான், முதல் கம்பெனிக்காரனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஸ்டேஷன் கட்டி, தங்கள் கண்டிராக்டர் ஒருவனின் பேரை வைத்து, 'ஹாலம் ஜங்ஷன்' என்று போர்டும் எழுதி மாட்டிவிட்டான். மனை விற்றான். ஹோட்டல் கட்டினார்கள். டாலஸையே முழுங்கிவிடப்போகிறோம் என்று பேசிக்கொண்டார்களாம். இரண்டாவது கம்பெனிக்கோ பன்னிரண்டு மைல் தள்ளி இருந்த, கவுண்டி என்கிற அவர்கள் ஜில்லாவின் தலைநகர்க்காரர்கள் இலவசமாக நிலம் கொடுத்தார்கள்; அது அந்தப் பக்கம் வளைந்து போய், அங்கேயும் உருப்படாமல் திவாலானது. வராத ரயிலுக்கு வைத்த பேர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. மாப்பிள்ளை வராமலே தாலியைத் தானே கட்டிக்கொண்டு நிற்கிற ஊர் என்று அமலி அதற்குப் பட்டம் கொடுத்தாள்.

கவுண்டி அலுவலகத்தில் டைப் அடிக்கிற வேலை கிடைத்தபின் அவளுக்கு இன்னும் ஒரு விஷயம் தெரிந்தது. சட்டப்படி ஹாலம் ஜங்ஷன் ஊரே இல்லை. அதற்கு மேயர் கிடையாது, கவுன்சில் கிடையாது, போலீஸ் கிடையாது, எல்லை கிடையாது. இன்கார்ப்பரேட் ஆகாத இடம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். நம் ஊரில் குட்டிச்சுவருக்குக்கூட ஒரு பஞ்சாயத்து உண்டு. இங்கே ஊர் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று ஊர்க்காரனுக்கே தெரியாது. அவளுக்கு நாக்கு சும்மா இருக்குமா?

"என்ன ஸ்டேஷன் மாஸ்டர், மெயில் இன்னிக்கும் லேட்டா?" என்பாள், சவரிமுத்து பண்ணையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போது. "பத்தாம் நம்பர் பிளாட்பாரத்துல கோழி மேயுது, போய் விரட்டுங்க." சிரித்துக்கொண்டே ஆரம்பிக்கும் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் போய் முடியும். "ஏமாத்திக் கட்டிக்கிட்டு வந்தீங்கல்ல."

அவனும் ஒவ்வொரு தரமும் ஒரே பதிலைச் சொல்வான். "நான் அன்னிக்கே தெளிவா சொல்லியிருக்கணும், அமலி. தப்பு என்னுதுதான்."

அந்தத் தப்புக்கு அவன் செய்த பிராயச்சித்தம் கொஞ்சநஞ்சமில்லை. சனிக்கிழமை தவறாமல் இரண்டு மணி நேரம் டிரைவ் பண்ணி அவளை டாலஸுக்குக் கூட்டிப்போவான். சமையலில் பாதி அவன் கை. பண்ணையில் வேறு ஊருக்குப் பிரமோஷன் கேட்டு அப்ளை பண்ணி, கிடைக்காமல், மறுபடியும் அப்ளை பண்ணினான். தன் அரைகுறை வாக்கியத்தால் ஒரு பெண் ஏமாந்துபோய்விட்டாள் என்று உள்ளுக்குள் புழுங்கினான். அவள் திரைக்குப் பின்னால் இருந்தது அவனுக்குத் தெரியாது. சொல்லவேண்டியவளோ வாயைத் திறக்கவில்லை. திறப்பாளா? குத்திக்காட்டுவதற்கென்றே ஒரு தப்பு கைவசம் இருந்தால் வாழ்க்கை எவ்வளவு சௌகரியம்!

டாலஸ் தமிழர்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு கிறிஸ்துமஸ் கூட்டத்தில், "நீங்க எங்க இருக்கீங்க?" என்று டாக்டர் மனைவி நாகலக்ஷ்மி கேட்டாள். "ஹாலம் ஜங்ஷன்" என்றதும், "அது எந்த freeway மேல வரும்?" என்றாள். எந்த freeway மேலும் வராது என்று தெரிந்தபிறகு அவள் கண்ணில் ஒரு பரிதாபம் வந்தது பாருங்கள், அமலிக்கு அதைப் பிடுங்கிப் போடலாம் போல இருந்தது. அவர்களும் நேற்றுவரை மாம்பலத்தில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்கள்தான். இரண்டு கார் கராஜ் வந்ததும் குடம் மறந்துவிடுகிறது.

பொன்மலைக்கு மட்டும் அமலி உண்மையைச் சொல்லவில்லை. ட்ரங்க் கால் போட்டுப் பேசும் வசதி அப்போது யாருக்கு இருந்தது? கேசட்டில் பேசி அனுப்புவாள். தானியக் கிடங்குக்கு புதன்கிழமை தோறும் ஒரு சரக்கு வண்டி ஊர்ந்து வரும். அந்த நேரம் பார்த்து ஜன்னலைத் திறந்து வைத்து ரெக்கார்டர் பட்டனை அழுத்துவாள். "அப்பா, நல்லா இருக்கீங்களா... ஐயோ, இந்த வண்டிச் சத்தத்துல ஒண்ணும் பேச முடியல இருங்க." பின்னால் ஹாரன் அலறும். பொன்மலையில் சூசைமாணிக்கம் காலனியையே கூட்டி வைத்து அந்தக் கேசட்டைப் போடுவாராம். "கேட்டீங்களா? டபுள் எஞ்சின்!" என்பாராம். காமாக்ஷியின் அம்மா முகம் போன போக்கை அமலியின் தம்பி கடிதத்தில் எழுதியிருந்தான். எண்பத்து நாலில் அந்தச் சரக்கு வண்டியையும் கம்பெனி நிறுத்திவிட்டது. அதன்பிறகு அமலி தீவனக் கடை லாரிக்காரனை ஹாரன் அடிக்கச் சொல்லி ரெக்கார்ட் பண்ணினாள். வெட்கம் என்பது ஒரு எல்லைக்குமேல் பழகிவிடும்.

அப்படியிருக்க, எண்பத்தாறாம் வருஷம் ஏப்ரலில் சூசைமாணிக்கத்துக்கு விசா கிடைத்துவிட்டது. ரிட்டயரான மனிதர், மகளையும் பேத்தியையும் பார்க்கவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஜங்ஷனைப் பார்க்கவேண்டும்.

அமலி காலண்டரில் நாளை எண்ணினாள். அப்பா வந்து பார்த்தால் யாரைக் கேட்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மாப்பிள்ளையைத்தான் கேட்பார். பொய் சொல்லிப் பெண் கட்டினவன் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார். கேட்கும்போது உண்மை தெரிந்த ஒரே ஆள் அவள்தான். சொன்னால் ஆறு வருஷத்துக் கேசட் அத்தனையும் அவள் தலையில் விடியும். சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாத மனுஷன் மேல் பொய்யன் என்கிற பேர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

"அப்பா இருக்கற ஒரு மாசம் டாலஸ்ல apartment எடுத்துத் தங்கிரலாமா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"முழுப் பூசணிக்காய எத்தன நாளைக்குச் சோத்துல மறைப்ப? வரட்டும், பாக்கட்டும். நான் மாமாகிட்ட சொல்லிக்கிறேன்" என்றான் சவரிமுத்து.

"நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள அவர் திரும்பி ஊருக்கே போயிருவாரு."

சூசைமாணிக்கம் சஃபாரி சூட்டில் வந்து இறங்கினார். தோளில் ஒரு காமிரா, காலனியில் யாரிடமோ இரவல் வாங்கியது. ஜங்ஷன் போர்டுக்குக் கீழே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். டாலஸ் ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியெல்லாம் கட்டடங்களை எண்ணிக்கொண்டு வந்தவர், கட்டடங்கள் நின்று மாடுகள் ஆரம்பித்ததும், "ஊருக்கு அவுட்டர்ல இப்படித்தான் இருக்கும்" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கார் வீட்டு வாசலில் நின்ற பிறகும் அவர் அவுட்டரிலேயே இருப்பதாகத்தான் நினைத்தார்.

பிரயாணக் களைப்பு என்று முதல் நாள் தப்பியது. மறுநாள் காலையில் பல் தேய்த்துவிட்டு, சஃபாரி சூட்டை மாட்டிக்கொண்டு, பேத்தி ஜெனிஃபரின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"கண்ணு, வண்டி எல்லாம் எத்தன மணிக்கு வரும்?"

"தேர் இஸ் நோ ட்ரெயின், தாத்தா" என்றது ஐந்து வயதுக் குழந்தை. "இட்ஸ் ஜஸ்ட் த பேரு."

அமலியும் சவரிமுத்துவும் பின்னால் ஓடினார்கள். ஓடி என்ன பிரயோஜனம்? சூசைமாணிக்கம் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார். எங்கேயாவது இன்னொரு லைன் வந்து சேரும் என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நடந்தார். எதுவும் வந்து சேரவில்லை. முள்கம்பி வேலி ஒன்று வந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன் நின்றது. கம்பெனி அதைக் கழித்துக்கட்டியபோது ஒரு பண்ணைக்காரன் ஏலத்தில் எடுத்து, அந்த மரக் கட்டடத்தை அப்படியே உருளை மேல் ஏற்றி உருட்டிக்கொண்டு போய்த் தன் நிலத்தில் வைத்து, வைக்கோல் அடைத்து வைத்திருந்தான். முகப்பில் போர்டு மட்டும் அப்படியே இருந்தது. ஹாலம் ஜங்ஷன். அதற்குக் கீழே நான்கு பசுமாடுகள் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தன. டிக்கெட் கவுண்டர் வழியாக ஒரு கன்றுக்குட்டி தலையை நீட்டிப் பார்த்தது.

சூசைமாணிக்கம் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். அத்தனை வருஷ சர்வீஸில் அவர் எத்தனையோ விபத்தைப் பார்த்திருப்பார். இப்படி ஒன்று பார்த்ததில்லை.

"மாப்ளே" என்றார் கடைசியில். "இன்னொரு லைன் எங்க?"

"ஒரே லைன்தான் மாமா. அதுலயும் இப்ப வண்டி ஓடறதில்ல."

"அப்ப ஜங்ஷன்?"

"பேரு மட்டுந்தான் மாமா."

"மாட்டுக்கொட்டாயக் காட்டி எம் பொண்ணக் கட்டியிருக்கீங்க!" சார்ஜ்மேனின் குரல் ஒர்க்ஷாப் குரலாகிவிட்டது. மாடுகள்கூட அசை போடுவதை நிறுத்தின. "எத்தன நல்ல எடத்த வேணாம்னு சொல்லியிருப்பேன்! வாத்தியார் மாப்ளய வேணாம்னேன். நடு வீட்டுல உக்காந்து, சபையில, ஜங்ஷன்னு வாய் கூசாம சொன்னீங்களேய்யா. சாமி பயம் இருக்கா உங்களுக்கு? போய்ச் சேர்ற காலத்துல என்னய நாலு பேர் முன்னாடி தல குனிய வச்சுட்டீங்களே! அமலி, பொட்டியக் கட்டு. புள்ளயத் தூக்கிக்க. இந்தப் பொய்யன்கூட நீ இருக்க வேணாம்."

சவரிமுத்து பேச ஆரம்பித்தான். இந்தத் தடவை யாரும் குறுக்கே வெட்டவில்லை. முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்தான்.

"தப்பு என்னுதுதான் மாமா. அன்னிக்கே நான் வெவரமா சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்."

சொல்லாம விட்டுட்டேன். அதைக் கேட்டதும் அமலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா மேல் கோபமா, புருஷன் மேல் கோபமா, தன்மேலேயேதானா என்று பார்க்க அவள் நிற்கவில்லை. இத்தனை வருஷம் இந்த ஊரை அவள் மட்டுமே திட்டிக்கொண்டிருந்தாள். இந்த மனுஷனையும் அவள் மட்டுமே திட்டிக்கொண்டிருந்தாள். வந்து ஒரு நாள்கூட முழுசாக ஆகாத ஆள் அதே வார்த்தைகளை எடுத்து வீசியபோது, அவை எவ்வளவு கேவலமான வார்த்தைகள் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அவர் சொன்னாரு" என்றாள்.

"என்னது?"

"சொன்னாரு அப்பா. பேருதான், ஆனான்னு ஆரம்பிச்சாரு. நீங்க விட்டீங்களா? முப்பத்தாறு வருஷ சர்வீஸ்னு சொல்லி வாய அடச்சிட்டீங்க. மறுபடியும் ஆரம்பிச்சாரு. அடக்கம்னு சொல்லிட்டு அந்தாண்ட திரும்பிட்டீங்க. நான் தெரைக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன். அத்தனையும் எங் காதுல விழுந்துச்சு. எல்லாம் தெரிஞ்சுதான் காபித் தட்ட எடுத்துட்டு வந்தேன். போதுமா? வண்டிச் சத்தம்னு கேசட்டுல கேட்டீங்களே, கடைசி ரெண்டு வருஷமா அது தீவனக் கட லாரி. அவர் யாரையும் ஏமாத்தல. நீங்களும் நானுமா சேந்து ஏமாந்தோம், ஆசைப்பட்டு."

சூசைமாணிக்கம் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். மகள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. டிராக்டரில் வந்த பண்ணைக்காரன் கையை ஆட்டிவிட்டுப் போனான். அவருக்கும் ஆட்டவேண்டியதாயிற்று.

மானஸ்தனாக இருந்தால் அங்கேயே அழுதிருப்பார், அல்லது மாப்பிள்ளை கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பார். சூசைமாணிக்கம் பொன்மலைக்காரர். போர்டை ஒரு தரம் பார்த்தார், மாடுகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு தோளிலிருந்து காமிராவைக் கழற்றி மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"மாடு வுழாம எடுக்க முடியுமா பாருங்க மாப்ளே. போர்டும் நானும் மட்டும் வந்தா போதும்."

சவரிமுத்து மாமனாரையும் கூட்டிக்கொண்டு வேலியைத் தாண்டி, ஒரு பசுவை முதுகில் தட்டி நகர்த்திவிட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து, கீழேயிருந்து மேலாகப் பார்த்து எடுத்தான். பொறுமையாக எடுத்தான். சூசைமாணிக்கம் சஃபாரி சூட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டு, போர்டுக்குக் கீழே, ஜெனரல் மானேஜர் இன்ஸ்பெக்ஷனுக்கு நிற்பதைப் போல நின்றார்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவர் முன்னறையில் உட்கார்ந்து பேத்தியோடு டி.வி. பார்க்க ஆரம்பித்தார். பெட்டி கட்டுகிற பேச்சே இல்லை. அமலி சமையலறையில் வெங்காயம் நறுக்கினாள். பெரிய பாரம் ஒன்றை இறக்கிவிட்ட தெம்பு அவளுக்கு. அப்பனையே எதிர்த்துப் புருஷனுக்காகப் பேசியிருக்கிறாள். அவன் வந்து ஒரு நல்ல வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தாள். எதிர்பார்ப்பில் தப்பில்லை, கணக்கில்தான் தப்பு.

சவரிமுத்து உள்ளே வந்தான். கதவோரம் நின்றான்.

"நெஜமா உனக்குக் கேட்டுச்சா அன்னிக்கு?"

"ம்."

"ரெண்டு தடவையும்?"

"ம்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குப் பதில் இருந்திருக்கும். எதற்கும் பதில் வைத்திருக்கிறவள் அவள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான், கூட்டத்தில் வேறு யாரையோ தெரிந்தவள் என்று நினைத்துக் கூப்பிட்டுவிட்டவனைப் போல.

"ஆறு வருஷமா உங்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டுட்டிருக்கேன், அமலி" என்றான்.

கத்தி வெங்காயத்தின் மேல் நின்றது.

முன்னறையிலிருந்து குரல் வந்தது. "மாப்ளே, அந்தப் படத்த ஒரு டஜன் காப்பி போட முடியுமா? காலனியில கேப்பாங்க."

"போட்டுரலாம் மாமா" என்று சொல்லிவிட்டு, சவரிமுத்து கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.